கடலூரில் இருந்தபடியே உள்ளரங்கத் தடை ஓட்டத்துக்குத் தயாராவது எப்படி?

சர்வதேச உள்ளரங்கப் போட்டிகளில் தடை ஓட்டம் 60 மீட்டர்தான். தாண்ட வேண்டியவை ஐந்தே தடைகள். பெண்களுக்கு 83.8 செ.மீ. உயரத் தடைகள், முதலாவது 13 மீட்டரிலும் அடுத்தவை 8.5 மீட்டர் இடைவெளியிலும் நிற்கும். ஆண்களுக்கு உயரம் 106.7 செ.மீ., முதல் தடை 13.72 மீட்டரில், இடைவெளி 9.14 மீட்டர். திறந்தவெளியில் நடக்கும் 100, 110 மீட்டர் தடை ஓட்டங்களின் அளவுகளும் இவையே. ஆகவே கூரையிட்ட ஓடுதளம் இல்லையே என்று கடலூர்ப் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தில் நாடா பிடித்து அளந்து ஐந்து தடைகளை வைத்தாலே போதும்.

அதிகக் கவனம் முதல் தடைக்கு உரியது. தொடக்கத்தில் பிந்தியவருக்கு ஈடுகட்ட, பத்துத் தடைகள் கொண்ட திறந்தவெளி ஓட்டத்தைப் போல மேலும் ஐந்து தடைகள் இங்கே இல்லை என்பதால், வாரப் பயிற்சியில் பாதியை அதற்கே ஒதுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. முதல் தடைவரை எட்டுக் காலடி வைப்பவர், எந்தக் காலால் உந்தி எழுகிறாரோ அந்தக் காலையே ஸ்டார்டிங் பிளாக்கில் (புறப்படும்போது பாதம் ஊன்றும் கட்டை) முன்னால் வைக்க வேண்டும். ஏழு அடி வைப்பவருக்கு அது பின்னால் இருக்கும். தடைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் முன்பாகச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு குனிந்து ஸ்பைக்ஸ் (காலணியின் அடி ஆணிகள்) குத்திய தடத்தைப் பாருங்கள். தடம் கோட்டைத் தாண்டித் தடையை நெருங்கியிருந்தால், ஓட்டக்காரர் முன்னோக்கிப் பாய முடியாமல் மேலே எழும்பியிருக்கிறார் என்று பொருள். காற்றில் மிதக்கும் அந்த நேரம் முழுவதும் நட்டமே. தடைகளுக்கு நடுவே மூன்று காலடிகள்தான், அவை குறுகியும் விரைந்தும் விழ வேண்டும்.

தடையின் அடிக்கால்கள் ஓடிவருபவரை நோக்கியே நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் இடித்தால் அது முன்பக்கம் சாயும். தடைகளைத் திருப்பி வைத்திருந்த ஒரு பயிற்சியில் ஒரு சிறுமியின் முழங்கால் கிழிந்ததை நேரில் பார்த்த நாள்முதல், ஒவ்வொரு தடையையும் நானே தொட்டுப் பார்த்த பிறகுதான் ஓடச் சொல்கிறேன்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால், அது பின்னிருந்து தள்ளும்போது அடிகள் நீண்டு தடையை நெருங்கிவிடுவோம், எதிரே வீசினால் எட்டாமல் திணறுவோம். உள்ளரங்கத்திலோ காற்றே இராது. எனவே அடி அளக்கும் பயிற்சியைக் காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய வீராங்கனை ஜோதி யாராஜி 2024இல் தெஹ்ரானில் ஆசிய உள்ளரங்கத் தங்கம் வென்ற நேரம் 8.12 விநாடி, அதே ஆண்டு கிளாஸ்கோவில் பஹாமாஸ் வீராங்கனை டெவின் சார்ல்டன் 7.65 விநாடியில் உலக சாதனை படைத்தார். இருவருக்கும் இடையே அரை விநாடிகூட இல்லை. ஐந்தாம் தடைக்குப் பின் பெண்களுக்கு எஞ்சும் 13 மீட்டரும், ஆண்களுக்கு எஞ்சும் 9.72 மீட்டரும் அதனால்தான் தனியாகப் பழகத்தக்கவை. உள்ளரங்கத்தில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சற்றுத் தொலைவிலேயே மெத்தை சாத்திய தடுப்பு நிற்கும். அதைக் கண்டு வேகம் குறைக்கும் பழக்கம் வராதிருக்க, மைதானச் சுவரோரம் தடித்த மெத்தைகளை நிறுத்தி, கோட்டை முழு வேகத்தில் கடந்து மெத்தையில் கைகளை ஊன்றி நிற்கப் பழக்குங்கள்.