பழைய சாகசப் படத்துக்கு அடுத்த பாகமா? முதலில் பத்திரத்தைப் பாருங்கள்

'நெகட்டிவ் ரைட்ஸ்', அதாவது படத்தின் மூல நெகட்டிவ் மீதான உரிமை, கையில் இருந்தால் போதும் என்று கோடம்பாக்கத்தில் பலர் நம்புகிறார்கள். பழைய படத்தை மறுபடி ஓட்ட அது போதும். அடுத்த பாகம் எடுக்கப் போதாது. கதை, கதாபாத்திரங்கள், தீம் இசை மூன்றுக்கும் தனித்தனி எழுத்து ஒப்பந்தம் வேண்டும். கதாசிரியர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, அதில் உள்ள எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். விடுபட்ட ஒருவரின் வக்கீல் நோட்டீஸ் ரிலீஸ் வாரத்தில்தான் வந்து நிற்கும்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் கால அளவு எழுதாவிட்டால் 5 ஆண்டுதான். எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதி. ஹீரோ கால்ஷீட்டுக்கே இரண்டு வருடம் காத்திருக்கும் ஊரில் ஆளைக் கவிழ்ப்பது இதுதான்.

ஃபிளாஷ்பேக்குக்குப் பழைய காட்சிகள் வேண்டுமா? ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால், ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. சென்னைப் புழுக்கம் அந்தச் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அந்த டப்பாவை உடனே தனியே வையுங்கள், ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும். சுருங்கிய ஃபிலிமை 'சும்மா ஒரு தடவை' புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள், பல்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். பல்சக்கரம் இல்லாத ஸ்கேனர் உள்ள லேபாகத் தேடுங்கள். 35 மி.மீ.யில் 1,000 அடி சுமார் 11 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. டப்பாக்களை எண்ணும்போது ஒலி நெகட்டிவ் (ஒலி மட்டும் பதிந்த ஃபிலிம்) தனியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் படத்தில் நாயகன் புலியோடு கட்டிப் புரண்டிருக்கலாம். இப்போது புலி, சிறுத்தை, சிங்கம், கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி நடிக்க வைக்கத் தடை, கிராபிக்ஸ்தான் வழி. குதிரைக்கும் ஷூட்டிங்குக்கு முன்பே விலங்கு நல வாரிய அனுமதி வேண்டும். திருவான்மியூரில் இருந்த அந்த அலுவலகம் 2018இல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. அலைச்சலைக் கணக்கில் வையுங்கள்.

நாயகனின் வயதை மறைக்காதீர்கள். இண்டியானா ஜோன்ஸ் மூன்றாம் படம் 1989, நான்காவது 2008. கதையும் 1938இலிருந்து 1957க்கு, அதே 19 ஆண்டு நகர்ந்தது. ஹாரிசன் ஃபோர்டின் நரைக்குத் தனியாகச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரைக்கதை முடியும் முன்பே ஸ்டண்ட் மாஸ்டரை உட்கார வைத்து, எந்த ஷாட்டில் டூப், எதில் நாயகர் என்று பிரித்துவிடுங்கள். கயிற்றில் தொங்குவதை இளைய பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் டூப் செலவும் குறையும்.