பிளாக் உலகத்துக்கு ஒரு மந்திர முறை: வினைமுற்றும் வினையெச்சமும் வைத்துக் கட்டுவது எப்படி

மைன்கிராஃப்ட் மாதிரி ஒரு பிளாக் விளையாட்டுக்கு மந்திர மாட் (விளையாட்டில் புது அம்சம் சேர்க்கும் துணை நிரல்) செய்ய உட்காரும் பெரும்பாலானவர்கள் முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள். தீப்பந்து, பனிப்பந்து, மின்னல், குணமாக்கல், இப்படி நாற்பது மந்திரம், நாற்பது ஐகான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் விளையாடுகிறவர்களுக்கு அது சலித்துவிட்டது. தீப்பந்து என்பது வேறு நிறம் பூசிய அம்புதான், அதற்கு வில்லே போதும். பிளாக் விளையாட்டுக்கு ஒருவர் வருவதே எதையாவது சேர்த்துக் கட்டத்தான். அப்படியிருக்க, மந்திரத்தை மட்டும் ஏன் நாம் ரெடிமேடாகக் கையில் கொடுக்க வேண்டும்? அதையும் அவர்களே கட்டட்டும். இந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு எப்படி ஒரு முறையை உருவாக்குவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எதில் செய்து பார்ப்பது என்று கேட்டால், லுவாண்டி என்ற பிளாக் விளையாட்டுத் தளம். 2024 அக்டோபர் வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது. இலவசம், திறந்த மூலம், மாட் எல்லாம் லுவா மொழியில். ஒரு கோப்பில் இருபது வரி எழுதினாலே புது பிளாக் உலகத்துக்குள் வந்துவிடும். ஆனால் பாடம் படிக்க வேண்டியது மைன்கிராஃப்டிடம்.

அதன் மருந்து காய்ச்சும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலில் நெதர் வார்ட் என்ற செடியைப் போட்டால் ஒரு அடிப்படைக் கஷாயம் கிடைக்கும், அது தனியாக ஒன்றும் செய்யாது. அதில் சர்க்கரை போட்டால் வேகம், மேக்மா கிரீம் போட்டால் தீ தாங்கும் சக்தி, தங்கக் கேரட் போட்டால் இருட்டில் பார்வை. அதற்கு மேல் ரெட்ஸ்டோன் தூவினால் நேரம் நீளும், குளோஸ்டோன் தூவினால் வீரியம் கூடும், கன்பவுடர் போட்டால் எறியக்கூடிய பாட்டிலாகிவிடும். வேக மருந்து சாதாரணமாக 3 நிமிடம், ரெட்ஸ்டோன் போட்டால் 8 நிமிடம், குளோஸ்டோன் போட்டால் இரட்டை வீரியம் ஆனால் ஒன்றரை நிமிடம்தான். இரண்டையும் சேர்த்துப் போட முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த பகுதி, விகுதி ஞாபகம் வருகிறதா? அதேதான். சர்க்கரை பகுதி, ரெட்ஸ்டோன் விகுதி. சில பொருள்களைக் கற்றுக்கொண்டால் ஒரு பெரிய மருந்துப் பெட்டியே கைக்கு வந்துவிடுகிறது.

இதை மாட் செய்கிறவர்கள் இன்னும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆர்ஸ் நூவோ மாடில் வடிவம், விளைவு, கூட்டல் என்று மூன்று வகைக் குறிகளைக் கோத்து மந்திரம் செய்யலாம். ஹெக்ஸ் காஸ்டிங்கில் அறுகோணக் கட்டத்தில் கோடு வரைந்து ஒரு முழு நிரலையே எழுதலாம். இரண்டையும் விளையாடிப் பாருங்கள், ஆனால் அப்படியே எடுக்காதீர்கள். அவற்றில் மந்திரம் எழுதுவது ஒரு புத்தகத்திலோ காற்றில் வரையும் கட்டத்திலோ நடக்கிறது. எனக்கு அது தரையில், பிளாக்காக நடக்க வேண்டும்.

சரி, எப்படி?

மந்திரச் சொல் ஒவ்வொன்றையும் ஒரு பிளாக்காகச் செய்யுங்கள். ஆட்டக்காரர் அவற்றைத் தரையில் வரிசையாக அடுக்குவார், முதல் பிளாக்கை மந்திரக் கோலால் தட்டுவார், கோல் அந்த வரிசையைப் படித்து மனப்பாடம் செய்துகொள்ளும். அப்புறம் எங்கே போனாலும் அந்தக் கோலில் அந்த மந்திரம் இருக்கும். சொற்கள் மூன்று வகை போதும். எங்கே என்று சொல்லும் சொல்: தொட்டதை, நேராக, சுற்றி, கீழே. எப்படி என்று சொல்லும் அடைச்சொல்: பெரிய, மெதுவாக, தூரமாக, மென்மையாக, மறைவாக. என்ன செய்ய என்று சொல்லும் வினை: உடை, வை, மாற்று, நகர்த்து, வளர், ஒளிர். நான்கு, ஐந்து, ஆறு, மொத்தம் பதினைந்து பிளாக்குகள். ஒரு மந்திரத்தில் அதிகபட்சம் இரண்டு அடைச்சொல் என்று வைத்தால், ஒரே சொல் இரண்டு முறை வருவதையும் சேர்த்து 4 × 6 × 21, அதாவது 504 மந்திரங்கள். நாற்பது ஐகான் வரைவதைவிட இது குறைந்த வேலை.

இங்கேதான் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. தமிழில் வினை கடைசியில் வரும். "சுற்றி பெரிய மெதுவாக உடை." கோல் படித்துக்கொண்டே போய் வினைமுற்றைப் பார்த்ததும் நிறுத்தினால் போதும், முடிவுக்கென்று தனியாக ஒரு பிளாக் தேவையில்லை. இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது, வினையெச்சம். நாம் பேசும்போது "கல்லை உடைச்சு, எடுத்து, அந்தப் பக்கம் அடுக்கு" என்று ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதையே மந்திரத்துக்கும் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வினை பிளாக்குக்கும் இரண்டு நிலை: வலது சொடுக்கு செய்தால் "உடை" என்பது "உடைத்து" ஆகும், "மாற்று" என்பது "மாற்றி" ஆகும். எச்சமாக இருந்தால் கோல் நிற்காமல் அடுத்த சொல்லுக்குப் போகும், இதுவரை தொட்ட இடங்களின் பட்டியலை அப்படியே அடுத்த வினையிடம் ஒப்படைக்கும். "நேராக தூரமாக உடைத்து ஒளிர்" என்று அடுக்கினால் சுரங்கம் தோண்டிக்கொண்டே விளக்கும் வைத்துக்கொண்டு போகும். அடைச்சொல் தனக்கு அடுத்து வரும் வினைக்கு மட்டும்தான் பொருந்தும் என்று கறாராக வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டக்காரர் குழம்புவார், நீங்களும் குழம்புவீர்கள். சங்கிலியில் நான்கு வினைக்கு மேல் வேண்டாம். "மீண்டும்" என்று ஒரு சொல் வேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். முதல் பதிப்பில் அதைச் சேர்க்காதீர்கள். அது இல்லாதவரை எந்த மந்திரமும் கண்டிப்பாக முடியும், சர்வர் தொங்காது.

ஒரு சின்ன நடைமுறை விஷயம். பிளாக்கின் முகத்தில் 16 × 16 புள்ளிப் படம்தான் வழக்கம், அதில் "உடைத்து" என்று எழுதினால் ஒருவராலும் படிக்க முடியாது. 64 × 64 ஆக வரையுங்கள், அல்லது ஒவ்வொரு வினைக்கும் ஒரு குறி வரைந்து எச்சத்துக்கு அதன் ஓரத்தில் ஒரு வால் மட்டும் சேர்த்துவிடுங்கள்.

தரையில் எழுதுவதால் நாம் திட்டமிடாத நன்மைகளும் கிடைக்கும். ஒருவர் கட்டிய மந்திரத்தை இன்னொருவர் நடந்துபோய்ப் படிக்கலாம், அதே மாதிரி அடுக்கிப் பார்க்கலாம், ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். வீட்டுக்குள் ஒரு அறையை மந்திர அறை என்றே ஒதுக்குவார்கள். மைன்கிராஃப்டின் என்சான்ட்மென்ட் மேசைக்கு முழு சக்தி வர 15 புத்தக அலமாரிகளைச் சுற்றி அடுக்க வேண்டும் என்பது எவ்வளவு நல்ல யோசனை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அலமாரி ஒன்றுக்கு 3 புத்தகம், 6 பலகை. கணக்குப் போட்டால் 45 தோல், 135 கரும்பு, 90 பலகை. ஒரு மேசைக்காக ஆட்டக்காரர் ஆற்றோரம் கரும்பு நடுகிறார், மாடு வளர்க்கிறார், கடைசியில் ஒரு நூலகம் கட்டி முடிக்கிறார். அதே மேசையின் மேல் ஓடும் விசித்திர எழுத்துகள்தான் எனக்கு ஏமாற்றம்: அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம், ஆனால் வரும் சொற்களுக்கும் கிடைக்கப்போகும் சக்திக்கும் சம்பந்தமில்லை. உங்கள் முறையில் கண்ணில் படும் ஒவ்வொரு குறிக்கும் பொருள் இருக்கட்டும்.

வினைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, உலகத்தில் ஏற்கெனவே இருக்கும் விதிகளோடு எது உரசும் என்று பாருங்கள். "எதிரிக்கு 5 பாதிப்பு" என்ற மந்திரம் அதோடு முடிந்துபோகும். "மாற்று" அப்படியில்லை. கல்லை மணலாக மாற்றினால், கீழே பிடிப்பு இல்லாத மணல் சரியும், ஆக பாலத்தில் வைத்தால் அது பொறி, சுரங்கத்தின் கூரையில் வைத்தால் ஆபத்து, குழியை மூட நினைக்கிறவருக்கு உதவி. லாவா ஊற்றின் மேல் தண்ணீர் பட்டால் அப்சிடியன் என்ற கடினமான பாறை ஆகும் என்பதை விளையாட்டே பார்த்துக்கொள்ளும், நீங்கள் அதற்கு ஒரு வரி எழுத வேண்டாம். ஆனால் விலக்குகளை மதியுங்கள். நெதர் என்ற நரக உலகத்தில் வாளித் தண்ணீர் ஊற்றினால் ஆவியாகிப் போகும். உங்கள் மந்திரம் நேரடியாகத் தண்ணீர் பிளாக்கை வைத்தால் அந்தச் சோதனையைத் தாண்டிவிடும், அதனால் அதை நீங்களே சேர்க்க வேண்டும்.

இனி விலை. முறை நிற்பதும் சாய்வதும் இதில்தான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அகலத்தைப் பார்த்து விலை வைக்காதீர்கள். "சுற்றி" என்பது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒரு பிளாக் என்றால் 27 பிளாக். இரண்டு என்றால் 125. மூன்று என்றால் 343. ஒவ்வொரு "பெரிய" சொல்லுக்கும் பத்து மானா (மந்திரத்துக்குச் செலவாகும் சக்தி) கூட்டினால், இரண்டு "பெரிய" போட்டவர் இருபது மானாவில் மலையைத் தின்றுவிடுவார். உண்மையில் தொடப்போகும் பிளாக்குகளை எண்ணி, ஒவ்வொன்றின் கடினத்தையும் கூட்டி விலை போடுங்கள். மைன்கிராஃப்டில் மண்ணின் கடினம் 0.5, கல் 1.5, அப்சிடியன் 50. இந்தக் கணக்கில் 27 கல்லை உடைக்க 40.5, ஒரே ஒரு அப்சிடியனுக்கு 50, கையால் தோண்டும்போது எது கஷ்டமோ அதுவே இங்கும் கஷ்டம். ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது: உலகத்தின் அடித்தளமான பெட்ராக்கின் கடினம் -1 என்று குறிக்கப்பட்டிருக்கிறது, உடைக்க முடியாது என்பதற்கான அடையாளம் அது. கவனிக்காமல் கூட்டினால் பெட்ராக் பக்கத்தில் மந்திரம் போட்டவருக்கு விலை குறையும்! லுவாண்டியில் கடினம் ஒரே எண்ணாக இல்லை, பிளாக்கைக் குழுவில் சேர்த்து அதற்கு ஒரு மதிப்பெண் தரும் முறை; அங்கே வழக்கமாக 3 என்றால் எளிது, 1 என்றால் கடினம். அதனால் அங்கே நீங்களே ஓர் அட்டவணை எழுதி வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

ஒரு மானா என்பது எவ்வளவு மதிப்பு? இதற்கு அளவுகோல் கடப்பாறை மாதிரி நம்பகமான ஒரு கருவி: இரும்பு பிக்காக்ஸ். மூன்று இரும்புக் கட்டியும் இரண்டு குச்சியும் போட்டால் கிடைக்கும், 250 பிளாக் தாங்கும். கல்லானால் 250 × 1.5, அதாவது 375 கடினம். தோண்டும் நேரம் மட்டும் பார்த்தால் ஒரு கல்லுக்கு 0.4 வினாடி, மொத்தம் 100 வினாடி. மந்திரம் அந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறது, ஆகவே பொருளில் கொஞ்சம் கூடுதலாக வாங்க வேண்டும். அதே மூன்று கட்டி இரும்புக்கு 250 மானா என்று நான் வைத்தேன், பிக்காக்ஸும் செத்துப்போகவில்லை, கோலும் வீணாகவில்லை.

மானா தானாக ஊறும்படி விடாதீர்கள். அப்படி விட்டால் ஆட்டக்காரர் சும்மா நின்று காத்திருப்பார். பொட்டானியா மாடில் எண்டோஃபிளேம் என்று ஒரு பூ, பக்கத்தில் போட்ட கரியை எரித்து மானா தரும். உடனே எல்லோரும் கரி தானாக விழும் இயந்திரம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மாதிரி, மானா வேண்டுமென்றால் ஏதாவது கட்டியாக வேண்டும் என்று இருக்கட்டும். "வை" மந்திரம் ஒருபோதும் வெறுமையிலிருந்து கல் வரவழைக்கக் கூடாது, ஆட்டக்காரரின் பையிலிருந்து எடுத்துத்தான் வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் சுரங்கத்துக்குப் போக யாருக்கும் காரணமே இருக்காது.

மானா பாதியில் தீர்ந்தால்? உடைப்பதும் வைப்பதும் முடிந்தவரை நடக்கட்டும், பாதிச் சுவரும் சுவர்தான். நகர்த்துவது மட்டும் முழுதாக நடக்க வேண்டும் அல்லது நடக்கவே கூடாது.

பலர் சேர்ந்து விளையாடும் சர்வருக்கு இது போகிறதென்றால், காவல் எல்லையை (ஒருவர் தன் இடம் என்று மற்றவர்களுக்குப் பூட்டி வைத்த பகுதியை) தவறாமல் சோதியுங்கள். என் முதல் பதிப்பில் மந்திரத்தின் நடுப்புள்ளியை மட்டும் சோதித்திருந்தேன். எல்லைக்கு வெளியே நின்று ஒருவர் போட்ட "சுற்றி பெரிய உடை" வேலிக்குள் புகுந்து, ஒரு நண்பர் பல நாள் கட்டிய வீட்டின் இரண்டு வரிசைச் சுவரையும் ஒரு பெட்டியையும் கொண்டுபோய்விட்டது. பெட்டிக்குள் இருந்தது திரும்ப வரவில்லை. தவறு முழுக்க என்னுடையது. லுவாண்டியில் "ஈஸ் புரொடெக்டட்" என்ற ஃபங்ஷனை ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனியாகக் கூப்பிடுங்கள். பிளாக்கை எடுக்க, அப்படியே அழித்துவிடும் "ரிமூவ் நோட்" வேண்டாம், தோண்டுவதாகச் செய்யும் "டிக் நோட்" போடுங்கள், அப்போது கையால் தோண்டினால் என்ன விதியோ அதே விதி பெட்டிக்கும் பொருந்தும், பொருள் இருக்கும் பெட்டி உடையாது.

343 பிளாக்கை ஒரே அடியில் மாற்றாதீர்கள். மைன்கிராஃப்ட் வினாடிக்கு 20 டிக் (உலகத்தைப் புதுப்பிக்கும் சுற்று), ஒரு டிக்குக்கு 50 மில்லிவினாடிதான் இருக்கிறது. லுவாண்டி சர்வரில் அதே மாதிரி ஒரு சுற்றுக்கு "அடி" என்று பெயர், அது இயல்பாக 0.09 வினாடி. அடிக்கு 40 பிளாக் என்று பிரித்தால் ஒன்பது அடியில், ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். பட்டியலை நடுவிலிருந்து தூரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் மந்திரம் அலை மாதிரி பரவும், பார்க்க அவ்வளவு அழகு. போடுவதற்கு முன் எந்தெந்த பிளாக் பாதிக்கப்படும் என்று மூலைகளில் சின்ன ஒளித்துகள்கள் காட்டுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

நிரல் எழுதும் முன் அட்டையில் செய்து பாருங்கள். பழைய நாட்காட்டித் தாளை வெட்டி பதினைந்து சொற்களையும் எழுதி, வினைகளுக்குப் பின்பக்கம் எச்சத்தை எழுதி, வீட்டில் இருக்கும் ஒரு சிறுவனிடமோ சிறுமியிடமோ கொடுத்து, "இதை வச்சு ஒரு ஏரி வெட்டு" என்று மட்டும் சொல்லுங்கள். விதியை விளக்காதீர்கள். என் அக்கா மகள் ஒரு நிமிடத்துக்குள் "கீழே பெரிய உடைத்து சுற்றி மெதுவாக வை" என்று அடுக்கிவிட்டு, எதை வைப்பது என்று சொல்ல இடமில்லையே என்று கேட்டாள். பையில் முதல் இடத்தில் இருப்பதை வைக்கும் என்ற விதி அன்றுதான் வந்தது.