காட்டோடையை லாங் எக்ஸ்போஷரில் (ஷட்டரை அதிக நேரம் திறந்துவைத்து) எடுக்கப் போகிறீர்களா?

காட்டோடையைப் படமெடுக்கும்போது பலரும் ஷட்டர் வேகத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கேமராவை எங்கே வைக்கிறோம் என்பதுதான் அதைவிட முக்கியம். ட்ரைபாடை விரிக்கும் முன், கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே கரையோரம் நடந்து பாருங்கள், குனிந்தும் பாருங்கள். முழங்கால் உயரத்தில் வைத்தால் முன்னால் இருக்கும் பாசி படிந்த பாறை பெரிதாகத் தெரியும். தண்ணீர் நம்மை நோக்கி வருவதுபோல் இருக்கும். ஓடை ஃபிரேமின் ஒரு கீழ்மூலையில் தொடங்கி வளைந்து உள்ளே போனால் கண்ணும் அதோடு போகும். மேலே வெளிறிய வானம் எட்டிப் பார்த்தால் தயங்காமல் வெட்டிவிடுங்கள். இருண்ட காட்டுக்குள் அந்த வெள்ளைத் துண்டுதான் முதலில் கண்ணைக் குத்தும்.

சரி, ஷட்டர்? வேகமான நீருக்குக் கால் நொடியே போதும். நிதானமான ஓடைக்கு ஒன்று, இரண்டு நொடி. 20 நொடிக்குப் போனால் நீரின் இழைகள் கரைந்து வெறும் வெண்புகையாகிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை. மேகமூட்டமான நாளில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11 என்று வைத்தால், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரே பெரும்பாலும் தேவைப்படாது. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை மட்டும் மறக்காதீர்கள்: ஈரப்பாறையின் பளபளப்பு அடங்கி, இலையின் பச்சை மேலே வரும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தையும் அதுவே குறைத்துவிடும்.

அப்புறம், காற்றில் இலைகள் ஆடினால் ஐஎஸ்ஓவை ஏற்றி, வேகமான ஷட்டரில் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இலைகளை அதிலிருந்தும் நீரை முதல் படத்திலிருந்தும் எடுத்துப் பிறகு இணைத்துக்கொள்ளலாம்.