லினக்ஸ் கைபேசிக்கு மாறுவது எப்படி: சிம்மைக் கடைசியாக மாற்றுங்கள்

லினக்ஸ் கைபேசியை, அதாவது கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமே ஓடும் கைபேசியை, வாங்கிய அன்றே பழைய கைபேசியின் சிம்மைக் கழற்றி அதில் போட்டுவிடுவதுதான் புதிதாக மாறுகிறவர்கள் செய்யும் முதல் தவறு. நானும் அதைச் செய்தேன். கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் கைபேசி என் கண்முன்னே மேசையில் கிடந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா நான்கு முறை அழைத்திருக்கிறார். திரை உறங்கிய பின், வலையமைப்போடு தொடர்புகொள்ளும் பாகமான மோடம் விழித்தெழாததால் ஒருமுறைகூட மணி ஒலிக்கவில்லை. கைபேசியைக் கைவிடும் எண்ணம் எனக்கு வரவில்லை. ஆனால் மாறும் ஒழுங்கைத் தலைகீழாக்கிக்கொண்டேன். முதலில் கருவி, அடுத்துத் தமிழ், பிறகு அன்றாட வேலைகள் ஒவ்வொன்றாக, எல்லாம் முடிந்த பின்பே சிம் என்பதே நான் இப்போது பிறருக்கும் சொல்லும் ஒழுங்கு.

அன்ட்ரொய்டின் அடியிலும் இயங்குதளத்தின் மையக்கருவான லினக்ஸ் கெர்னல்தான் இருக்கிறது. வேறுபாடு அதற்கு மேலே உள்ளது. அன்ட்ரொய்டிலும் ஐஃபோனிலும் எந்தச் செயலி ஓடலாம், எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்புக் கிடைக்கும் என்பவற்றைப் பெரும்பாலும் நிறுவனமே தீர்மானிக்கிறது. லினக்ஸ் கைபேசியில் மேசைக்கணினியில் ஓடும் அதே டெபியன் அல்லது அல்பைன் போன்ற அமைப்பு, உரிமையாளரின் கட்டுப்பாட்டில் ஓடுகிறது. 2018இல் வெளிவந்த ஒன்பிளஸ் 6க்கு நிறுவனம் வழங்கிய கடைசிப் பெரும் பதிப்பு அன்ட்ரொய்ட் 11. அதே கைபேசியில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் புதிய கெர்னலும் பாதுகாப்புத் திருத்தங்களும் அதற்குப் பின்னும் வருகின்றன. நல்ல நிலையிலுள்ள கருவியைக் குப்பையில் போட மனமில்லாதவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கருவியைத் தெரிவுசெய்யும்போது இரண்டு வழிகள் உள்ளன. லினக்ஸுக்கென்றே செய்யப்பட்ட பைன்ஃபோன், லிப்ரம் 5 போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம். அப்போது தபால் செலவோடு சுங்க வரியையும் கணக்கில் எடுக்க வேண்டும். மற்றையது, லிபர்ட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ பாவித்த அன்ட்ரொய்ட் கைபேசி ஒன்றை வாங்கி, அதன் இயங்குதளத்தை மாற்றுவது. இரண்டாவது வழியில் செல்பவர் கடைக்குப் போகுமுன் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டத்தின் விக்கியில் அந்த மாதிரிக்குரிய பக்கத்தைத் திறந்து, அழைப்பு, ஒலி, கமரா, ஜிபிஎஸ் ஆகியவற்றில் எவை இயங்குகின்றன என்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைபேசி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறக்க முடியுமா என்பதும் அதே அளவு முக்கியம்: ஒன்பிளஸ் 6டியின் பொதுப் பதிப்பை எளிதாகத் திறக்கலாம், அமெரிக்க வலையமைப்பு ஒன்றுக்காக விற்கப்பட்ட பதிப்புக்கோ தனி அனுமதிக் கோப்பு வேண்டும். திறந்தவுடன் உள்ளிருக்கும் தரவு அனைத்தும் அழியும் என்பதால், படங்களை முன்கூட்டியே வேறிடத்தில் சேமித்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் காசு கொடுக்குமுன், ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைச் சோதியுங்கள். அன்ட்ரொய்ட் இருக்கும்போதே *#06# அழுத்தினால் அந்த 15 இலக்க எண் தோன்றும். ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்ற பதில் வரும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் இதைக் கடைசி நேரத்துக்கு விடவே கூடாது.

நிறுவுவதில் பைன்ஃபோன் மிகவும் இலகுவானது. அது மைக்ரோ எஸ்டி அட்டையிலிருந்தே முதலில் இயங்கத் தொடங்குவதால், ஓர் அட்டையில் டெபியனின் கைபேசி வடிவமான மோபியனையும் இன்னொன்றில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸையும் எழுதி மாறி மாறிப் பார்க்கலாம். அட்டையை எடுத்துவிட்டால் உள்நினைவகத்தில் இருந்தது இருந்தபடியே இருக்கும். அதன் பின்மூடியை மூலையிலுள்ள பள்ளத்தில் நகத்தை வைத்து நெம்பித் திறந்தால், அரிசிமணியை விடச் சிறிய ஆறு வெள்ளைச் சுவிட்சுகள் ஒரு வரிசையில் தெரியும். மோடம், வைஃபை, ஒலிவாங்கி, இரு கமராக்கள் போன்றவற்றின் மின்தொடர்பை, பல்குத்தும் குச்சியின் முனையால் ஒவ்வொன்றாகத் துண்டிக்கலாம். அமைப்புகளில் ஒரு பொத்தானை அணைப்பதும், ஒலிவாங்கிக்கு மின்சாரமே போகாமல் செய்வதும் ஒன்றல்ல. இந்த உறுதியை எனக்கு வேறெந்தக் கைபேசியும் தந்ததில்லை.

இயங்குதளம் ஏறியவுடன் தமிழைக் கவனியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துரு நிறுவப்படாவிட்டால் உறவினர் அனுப்பும் செய்தி வெறும் கட்டங்களாகத் தெரியும். தட்டச்சுக்கு, போஷ் என்ற கைபேசித் திரை இடைமுகத்தில் பாவிக்கும் ஸ்க்வீக்போர்டு விசைப்பலகை தன் விசை அமைப்பை ஒரு சாதாரண உரைக்கோப்பிலிருந்து படிப்பதால், விரும்பிய தமிழ் அமைப்பை நாமே எழுதி உரிய கோப்புறையில் வைக்கலாம். எந்த நிறுவனத்திடமும் விண்ணப்பிக்காமல், ‘ஸ்ரீ’ எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நானே தீர்மானித்த அந்த மாலை இன்னும் மகிழ்ச்சியாக நினைவில் இருக்கிறது.

அன்றாட வேலைகளை மாற்றும்போது எளியவற்றிலிருந்து தொடங்குங்கள். மின்னஞ்சல், உலாவி, வானொலி, மின்னூல், டெலிகிராம் ஆகியவை முதல் கிழமையிலேயே மாறிவிடும். வரைபடத்துக்கு ப்யூர் மேப்ஸ் செயலியோடு ஓஎஸ்எம் ஸ்கவுட் சேர்வரை நிறுவி, இலங்கைக்கான தரவை வீட்டு வைஃபையில் இறக்கிவைத்தால், காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் இணையமின்றியே இடம் பார்க்கலாம். வாட்ஸ்அப்பை உலாவி வழியாக இணைக்கலாம். ஆனால் முதன்மைக் கைபேசி 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தப்படாவிட்டால் இணைப்பு அறுந்துவிடும்.

வங்கிச் செயலிகளில்தான் உண்மையான தடை இருக்கிறது. வேட்ராய்ட் மூலம் அன்ட்ரொய்ட் செயலிகளை லினக்ஸுக்குள் ஓட்ட முடியுமாயினும், கூகுள் சான்றளித்த கருவியா என்று சோதிக்கும் செயலிகள் அங்கே திறக்க மறுக்கும். குறைந்த நினைவகமுள்ள கைபேசிகளில் அது மிக மெதுவாகவும் இயங்கும். வங்கியின் இணையத்தளம் உலாவியில் முழுமையாக இயங்குகிறதா என்று ஒரு சிறு தொகையை அனுப்பிப் பாருங்கள். லங்கா கியூஆர் கொடுப்பனவையும், இடங்காட்டியை நம்பியிருக்கும் வாடகை வாகனச் செயலியான பிக்மீயையும் பழைய கைபேசியிலேயே விடுவதை நான் குறையாகக் கருதவில்லை.

கடைசியாக சிம். முதலில் ஒரு முற்கொடுப்பனவு சிம்மை வாங்கிப் போட்டு இரண்டு கிழமை சோதியுங்கள். டயலொக், மொபிடெல், ஹட்ச் எதுவாயினும் உங்கள் சொந்த எண் இருக்கும் வலையமைப்பையே தெரிவுசெய்யுங்கள். ஒன்றில் வரும் அழைப்பு மற்றொன்றில் வராமல் போகலாம். திரை அணைந்து ஒரு மணித்தியாலம் கழிந்த பின் இன்னொருவரைக் கொண்டு அழைப்பியுங்கள். தரவு ஓடிக்கொண்டிருக்கும்போதும் அழைப்பியுங்கள். ரீலோட் செய்து மிகுதியைப் பாருங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் உடனே வந்து சேர்கிறதா என்று கவனியுங்கள். மோடம் உறங்கிவிடுமானால் தானியங்கி உறக்கத்தை நிறுத்திவைக்கலாம், ஆனால் பற்றரி அரை நாளுக்கே போதும். பவர்பேங்க் ஒன்று பையில் இருக்கட்டும். இரண்டு கிழமையில் ஓர் அழைப்பும் தவறவில்லை என்றான பிறகே உங்கள் சொந்த சிம்மை மாற்றுங்கள். பழைய கைபேசியை வீட்டு வைஃபையில் இணைத்து, கிழமைக்கு ஒருமுறை மின்னேற்றி, அதில் வாட்ஸ்அப்பைத் திறந்து மூடுங்கள்.