குட்டி எஞ்சின் கடைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்த வால்வு அரைக்கும் பேஸ்ட் டப்பாவை மூடுங்கள்

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் பல கை மாறி வந்த நாலரை அடி லேத், மூலையில் சின்னதாக ஒரு மில்லிங் மெஷின். எங்கள் கோவைப் பக்கம் இவ்வளவை வைத்துக்கொண்டு கையளவு பெட்ரோல் எஞ்சின் செய்ய இறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பம்பு கம்பெனியிலோ ஃபவுண்டரியிலோ வேலை பார்ப்பவர்கள், கை நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் எங்கே முட்டிக்கொண்டோமோ, சரியாக அதே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடாதே, கண்ணுக்குக் கண்ணாடி போடு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் லேத் பக்கமே போகக் கூடாது. நான் மனதில் வைத்துப் பேசுவது 24 மி.மீ. போர் (சிலிண்டர் துளை), 28 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) உள்ள ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். கணக்குப் போட்டால் 12.7 சி.சி. வரும். வார்ப்பே இல்லாமல் கம்பியிலும் பிளாக்கிலும் கடைந்து முடித்துவிடலாம். முதல் எஞ்சினுக்கு இந்த அளவுதான் தோது.

கிராங்குக்கு பிரைட் பார் எடுப்பது

கடையில் பளபளவென்று இருக்கும், அளவும் சரியாக இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது குளிர்நிலையில் இழுத்த கம்பி. மேல்தோல் முழுக்க உள்ளிறுக்கம். கிராங்க் பின்னுக்காக ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தால், மிச்சம் இருக்கும் பக்கம் இழுத்து வளைத்துவிடும். EN8 என்ற நடுத்தர கார்பன் ஸ்டீலைக் கறுப்புக் கம்பியாக, ஒன்றிரண்டு சைஸ் பெரிதாக வாங்குங்கள். முதலில் எல்லாப் பக்கமும் ரஃப்பாகக் கடைந்து, ஒரு நாள் போட்டு வைத்து, அப்புறம் ஃபினிஷ் எடுங்கள். மெயின் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) கடையும்போது, கிராங்க் பின்னின் இரு பக்கமும் இருக்கும் தகடுகளான இரண்டு வெப்புக்கும் நடுவே சரியான அளவில் ஒரு துண்டை வைத்து இறுக்குங்கள். வைக்காவிட்டால் டெயில் ஸ்டாக் அழுத்தத்திலேயே கிராங்க் மடங்கும்.

சிலிண்டரை பிஸ்டனை வைத்தே லேப் செய்வது (பேஸ்ட் தடவித் தேய்த்து நைஸாக்குவது)

கூடாது. அலுமினியத்திலோ பித்தளையிலோ தனியாக ஒரு லேப் (தேய்க்கும் உருளை) கடைந்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சிலிண்டரைப் பெட்ரோலில் அலசிவிட்டு விட்டுவிடாதீர்கள். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் துகள் அப்படியே உட்கார்ந்திருக்கும். வெந்நீர், சோப்புத் தூள், பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். உடனே எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் காபி குடித்துவிட்டு வருவதற்குள் துரு.

ரிங் இடைவெளி

ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே, 24 மி.மீ. போருக்கு 0.08 முதல் 0.1 மி.மீ. அளந்து வையுங்கள், கண்ணளவில் வேண்டாம்.

வால்வு ஒழுகினால் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மற்றத் தவறுகளைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். இதைப் பார்த்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

போன வருஷம் கணபதிப் பக்கமிருந்து ஒரு தம்பி எஞ்சினோடு வந்தான். "அண்ணா, ஸ்பார்க் நீலமா நல்லா வருதுங்க. காயிலை மாத்திட்டேன், கார்புரேட்டரை மாத்திட்டேன். டிரில்லை வெச்சுச் சுத்தினா டுப்பு டுப்புன்னு வெடிக்குது, எடுத்தா நின்னுடுது."

ஃபிளைவீலைக் கையில் பிடித்துச் சுற்றினேன். கம்ப்ரஷன் இருக்கிற எஞ்சின் என்றால் மேலே போகும்போது வீல் முரண்டு பிடித்துத் திருப்பி அடிக்கும். இது கொழகொழவென்று சுற்றியது. சிலிண்டருக்குள் நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றியும் மாற்றமே இல்லை. எண்ணெய் விட்டதும் கம்ப்ரஷன் ஏறினால் ரிங் ஒழுகுகிறது, ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். வால்வு வந்து உட்கார்ந்து மூடும் வளைய விளிம்புதான் சீட், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் துளைதான் கைடு.

"சீட் எப்படி வெட்டினே?"

"கவுண்டர்சிங்க் போட்டேங்க. கொஞ்சம் லீக் இருந்துச்சு. வால்வை டிரில்லுல மாட்டிப் பேஸ்ட் போட்டு ஓட்டினேன்."

"எவ்வளவு நேரம்?"

"நிக்கிற வரைக்கும் ஓட்டலாம்னு பார்த்தேன்…"

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். 0.3 மி.மீ. அகலம் இருக்க வேண்டிய சீட் ஒரு பக்கம் ஒன்றரை மில்லி, எதிர்ப்பக்கம் அரை மில்லி, பிறை நிலா மாதிரி இருந்தது. வால்வு முகத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். டிரில் பக்கவாட்டில் இழுத்ததில் கைடு துளை வாய் அகன்றுவிட்டது. ஹெட் முழுக்க கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்), சீட் அதிலேயே வெட்டியது. தோண்டியெடுத்துப் புது சீட் வைக்கலாம் என்றால் இரண்டு போர்ட்டுக்கும் நடுவே சுவரே இல்லை. ஃபின், போர்ட், போல்ட் துளை, பிளக் மரை எல்லாம் முடிந்த ஹெட். மொத்தமும் தண்டம். அந்தக் கன்மெட்டல் என்ன விலை என்று வாங்கினவனுக்குத்தான் தெரியும்.

இந்தப் பேஸ்ட் யோசனை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பைக் மெக்கானிக் கடையில் பார்த்தது. அங்கே அது சரிதான். கம்பெனியில் கைடுக்கு நேராக வெட்டிய கெட்டியான சீட், பேஸ்ட் அதை மெருகு மட்டும்தான் போடுகிறது. நம் எஞ்சினில் சீட்டின் மையமும் கைடின் மையமும் 0.05 மி.மீ. விலகியிருந்தாலே போதும், வால்வு ஒரு பக்கம்தான் தொடும். கைடு பிடித்து வைத்திருப்பதால் வால்வால் மறுபக்கம் நகரவும் முடியாது. பேஸ்ட் போட்டால் தொடுகிற பக்கத்தைத் தின்று தின்றுதான் மறுபக்கத்துக்கு வர வேண்டும். அதற்குள் சீட் அகலமாகிவிடும். போதாததற்கு கார்போரண்டத் துகள் வெண்கலத்தில் பதிந்துகொண்டு, எஞ்சின் ஓடும்போதும் வால்வை அறுத்துக்கொண்டே இருக்கும்.

சீட் அகலமானால் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். 8 மி.மீ. போர்ட்டில் 0.3 அகல சீட்டின் தொடுபரப்பு சுமார் 7.5 சதுர மி.மீ. அதுவே 1.2 ஆனால் 30. ஸ்பிரிங் அதேதான், அழுத்தம் கால்வாசியாகிவிடுகிறது. ஒரு துளி கரி ஒட்டினாலும் நசுக்கி மூடத் தெம்பு இருக்காது.

இதில் சின்ன எஞ்சினுக்கென்றே ஒரு தொல்லை. 6-க்கு 1 கம்ப்ரஷன் என்றால் மேலே மிஞ்சும் இடமே இரண்டரை சி.சி.தான். கார் சிலிண்டர் கண்டுகொள்ளாத ஒரு கீறல் இங்கே பாதிக் காற்றை வெளியே விட்டுவிடும். நிமிடத்துக்கு 200 சுற்றில் கையால் சுற்றினால் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் 0.15 வினாடி நீடிக்கும். 2000-இல் அது 0.015 வினாடி, ஒழுக நேரமே கிடையாது. தம்பியின் எஞ்சின் டிரில்லில் வெடித்துவிட்டுக் கையில் சாவதற்கு இதுதான் காரணம். அதைப் புரிந்துகொள்ளாமல் காயிலுக்கும் கார்புரேட்டருக்கும் காசைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

சரி, எப்படிச் செய்வது? கைடும் சீட்டும் ஒரே துண்டாக, பாஸ்பர் பிரான்ஸில் (வெண்கலத்தில்) ஒரு கேஜ், அதாவது கூடு, கடையுங்கள். ஸ்டெம் (வால்வுத் தண்டு) துளையை 2.9 டிரில் போட்டு 3 மி.மீ. ரீமர் விடுங்கள். கேஜை ஹெட்டில் அடித்து இறக்காதீர்கள், நசுங்கும். வழுக்கி இறங்கும் ஃபிட்டில் வைத்து லாக்டைட் 620 பசை போட்டு ஒட்டுங்கள், அது 230 டிகிரி வரை தாங்கும். நன்றாகக் காய்ந்த பிறகு போர்ட் துளை போடுங்கள். ரீமரை இன்னொரு தடவை விட்டு பர்ரை (பிசிறை) எடுங்கள். சீட் வெட்டுவது இதற்கெல்லாம் அப்புறம்தான்.

வெட்டுவதற்கு சில்வர் ஸ்டீலில் (கெட்டிப்படுத்தக்கூடிய டூல் ஸ்டீல்) நீங்களே ஒரு கட்டர் செய்துகொள்ளலாம். முன்னால் 3 மி.மீ. பைலட் (வழிகாட்டும் தண்டு), அது கைடில் ஆட்டமில்லாமல் நுழைய வேண்டும். பின்னால் 45 டிகிரி முகத்தில் ஐந்து பல். இரட்டைப்படையில் பல் வைத்தால் அதிர்ந்து அலை அலையாக வெட்டும். அதைக் கெட்டிப்படுத்தி, விரலால் பிடித்துச் சுற்றுங்கள், மெஷினில் மாட்ட வேண்டாம். மெல்லிய மினுக்கு வளையம் ஒன்று சுற்றி வரத் தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்பட்டால் அகலம் கூடிவிடும்.

வால்வில் ஸ்டெம்மும் 45 டிகிரி முகமும் ஒரே பிடிப்பில் கடைந்திருக்க வேண்டும். சக்கிலிருந்து எடுத்துத் திருப்பி மாட்டினால் மூணு ஜா சக்கின் ஆட்டம் அப்படியே வால்வுக்கு வந்துவிடும். 3 மி.மீ. ஸ்டெம் நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் டூலைக் கண்டு வளையும். கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து, அந்தந்த நீளத்தை முழு ஆழத்துக்கும் கடைந்து முடித்துக்கொண்டே வாருங்கள் என்று புத்தகங்களில் இருக்கும். அப்படி இழுப்பதற்கு ஆட்டமில்லாத காலெட் (கம்பியைச் சுற்றிலும் பிடிக்கும் பிடி) வேண்டும். இல்லாதவர்கள் கிரவுண்ட் ராடில் ஒரு தலையை சில்வர் சால்டர் செய்து, ராடைப் பிடித்து முகத்தை மட்டும் கடையுங்கள். நாலு ஜா சக்கில் டயல் வைத்துச் சென்டர் பார்த்துவிட்டுத்தான்.

அப்புறம் சோதனை. ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சு, ஒரு துண்டு ரப்பர் டியூப். வால்வை ஸ்பிரிங்கோடு மாட்டி, டியூபைப் போர்ட்டில் இறுக்கமாகச் செருகி, சிரிஞ்சின் பிஸ்டனை 15 வரை இழுத்துப் பிடியுங்கள். பத்து எண்ணிவிட்டு விடுங்கள். பழைய இடத்துக்கே சடக்கென்று திரும்பினால் வால்வு பிடிக்கிறது. நடுவழியில் நின்றால் ஒழுகுகிறது. மார்க்கர் பேனாவால் வால்வு முகத்தில் கோடு போட்டு ஒரு திருப்புத் திருப்பினால் எங்கே தொடவில்லை என்று தெரிந்துவிடும். அதற்கேற்ப கட்டரையோ வால்வையோ சரிசெய்யுங்கள். எல்லாம் சரியாக வந்து மயிரிழை குறை மட்டும் மிஞ்சினால் கொஞ்சம் பிராஸோ பாலிஷ் தொட்டு விரலால் சில திருப்பு. அவ்வளவுதான். ஒரு பக்கம் கரடு, மறு பக்கம் நைஸ் என்று வரும் அந்த டப்பா இந்த வேலைக்குத் தேவையே இல்லை.

ஹெட்டை எஞ்சினில் பூட்டும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். ஸ்பார்க், கார்புரேட்டர், டைமிங் பற்றியெல்லாம் அதுவரை யோசிக்கவே வேண்டாம்.

பெரிய கார்புரேட்டர்

8 மி.மீ. துளை வைத்தால் பவர் கூடும் என்று நினைக்கிறார்கள். கையால் சுற்றும் வேகத்தில் அவ்வளவு அகலத்தில் காற்று சோம்பலாகத்தான் போகும், பெட்ரோலை மேலே இழுக்காது. இந்த சைஸுக்கு 5 போதும்.

பிளக் மரை

M10 ஸ்பார்க் பிளக்குக்கு 1 மி.மீ. பிட்ச் (மரை இடைவெளி). சாதாரண M10 டேப் 1.5. முதலில் சரியான டேப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஹெட்டில் துளை போடுங்கள்.

கேம் கியருக்கு அவசரப்பட்டு பின் (pin) அடித்துப் பொருத்திவிடுவது

டிகிரி வீல் (கோண அளவு குறித்த வட்டு) மாட்டி டைமிங் பார்த்து, எஞ்சின் ஓடி, திருப்தியான பிறகு அடியுங்கள்.

டேங்கில் பெட்ரோலை விட்டு வைப்பது

பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும். ஓட்டி முடிக்கும்போது டேங்க் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓட விடுங்கள். மிச்சத்தை வண்டியில் ஊற்றிக்கொள்ளலாம். அக்ரிலிக் டேங்க் பார்க்க அழகாக இருக்கும், கொஞ்ச நாளில் வெடிப்பு விடும். பித்தளைத் தகட்டில் ஒன்று செய்து ஈயம் பற்ற வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சாயங்கால வேலைதான்.