கோவிட் பாசிட்டிவா? முதலில் தேதியைக் குறித்துவையுங்கள்

"இது எந்த வேரியன்ட் டாக்டர்?" என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். வேரியன்ட் என்பது கிருமியின் உருமாறிய வகை. வீட்டில் செய்யும் டெஸ்ட்டில் அது தெரியாது, கிருமியின் மரபணு வரிசையைப் படித்தால்தான் தெரியும். தெரிந்தாலும் மருந்துச் சீட்டு அநேகமாக மாறாது. 2021 நவம்பரில் ஒமிக்ரான் வேரியன்ட் வந்த பிறகு பரவியவை பெரும்பாலும் அதன் வாரிசுகளே. ஜேஎன்.1 என்ற வேரியன்ட்டும் அந்த வம்சம்தான். சிகிச்சைக்கு வேண்டியது தொண்டை கரகரக்கத் தொடங்கிய தேதி. அதைக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

முதல் நாள் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் கோவிட் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். மூக்கைச் சிந்திவிட்டு, ஒரே குச்சியால் இரண்டு துவாரத்திலும் உட்சுவரை ஒட்டிச் சுழற்றுங்கள். கிட்டில் சொன்ன நேரத்துக்குள் மங்கலாகக் கோடு விழுந்தாலும் பாசிட்டிவ்தான். அந்த நேரம் கடந்து தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வயதானவர்கள், சுகர், இதயம், சிறுநீரகம், நுரையீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், அறிகுறி லேசாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். கோவிட் கிருமிக்கு எதிரான பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பித்தாக வேண்டும். அதில் இரண்டு வகை மாத்திரை இருக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ள பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு நிர்மட்ரெல்விர் 150 மி.கி. இரண்டு, ரிடோனவிர் 100 மி.கி. ஒன்று. மூன்றையும் சேர்த்து விழுங்க வேண்டும். காலை, இரவு என 5 நாள். சிறுநீரகம் பலவீனமென்றால் அளவு குறையும். வாயில் உலோகம் போலக் கசக்கும், அதற்காகப் பாதியில் நிறுத்தாதீர்கள். சிக்கல் ரிடோனவிரில்தான். சிம்வாஸ்டாடின் (கொழுப்பு மாத்திரை), ரிவரோக்சபான் (ரத்தம் உறையாமல் தடுப்பது), டாக்ரோலிமஸ் (எதிர்ப்பு சக்தியைக் குறைப்பது) போன்றவற்றை ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். எனவே வழக்கமாகச் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு ஓய்வும் தண்ணீரும் பாரசிட்டமாலும் போதும். பெரியவர்கள் 500 மி.கி. ஒன்றோ இரண்டோ, 6 மணி நேர இடைவெளியில் சாப்பிடலாம். நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, கல்லீரல் நோய் இருந்தால் இன்னும் குறைவு. பல ஜலதோஷ மாத்திரைகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கூட்டிப் பாருங்கள். ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசின், பூச்சி மருந்தான ஐவர்மெக்டின் இரண்டாலும் கோவிட்டுக்குப் பலனில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டைத் தொடவே வேண்டாம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 மி.கி. உயிர் காப்பது ஆக்சிஜன் தேவைப்படுபவர்களுக்கு. தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை, கெடுதலும் செய்யலாம். சுகரும் எகிறும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரைப் பார்க்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நெயில் பாலிஷை அழியுங்கள். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். 5 நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பிறகு ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். முதலில் மின்னும் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். தினமும் மூன்று முறை எழுதிவையுங்கள். 94-க்குக் கீழ் போனால் மருத்துவரை உடனே அழையுங்கள். 90-ஐ நெருங்கினால் நேரே மருத்துவமனைதான். நிறம் கறுத்த தோலில் கருவி சற்றுக் கூட்டிக் காட்டுவதுண்டு. எண் நன்றாக இருந்தும் ஒரு வாக்கியத்தைப் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால், எண்ணை விடுங்கள், மூச்சை நம்புங்கள். நெஞ்சு வலி, குழப்பம், உதடு நீலமாவது ஆகியவை இருந்தாலும் எண்ணைப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நோய் முற்றுபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டித்தான் மூச்சு திணறத் தொடங்கும். காய்ச்சல் விட்டதும் கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

தடுப்பூசி போட்டும் தொற்று வருகிறதே என்றால், வரும். கிருமியை வாசலிலேயே தடுக்கும் ஆன்டிபாடி சில மாதங்களில் குறைகிறது. நோய் முற்றாமல் காக்கும் டி செல் (நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை) நினைவு அதைவிட நீடிக்கிறது. ஆன்டிபாடி இப்படிக் குறைவதால்தான் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குப் புதிய வேரியன்ட்டுக்கு ஏற்ற ஊசியை மறுபடி போடச் சொல்கிறோம். கோவிட் வந்து போயிருந்தால் மூன்று மாதம் தள்ளிப்போடலாம். ஊசி போட்டதும் 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். கை வலி, காய்ச்சல் ஓரிரு நாளில் போய்விடும். எம்ஆர்என்ஏ வகை தடுப்பூசிக்குப் பிறகு, இளைஞர்களுக்கு முக்கியமாக, முதல் வாரத்தில் நெஞ்சு வலியோ படபடப்போ வந்தால் அன்றே ஈசிஜி எடுங்கள். இதயத் தசை வீக்கம் அரிதுதான், ஆனால் வாயுப் பிடிப்பு என்று விட்டுவிடக் கூடாது.