ஆயர் பங்குக்கு வருகிறாரா? மேடையை யோசிப்பதற்கு முன் உட்கார்ந்து பேச நாற்காலிகளைப் பற்றி யோசியுங்கள்

ஆயர் (பிஷப்) நம் பங்குக் கோவிலுக்கு வருகிறார் என்று பூசை முடிவில் ஃபாதர் அறிவித்ததுமே மலேசியத் தோட்டப்புறத்தில் முதலில் தொடங்குவது மாலைக்கும் மேளத்துக்கும் வசூல்தான். மாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போன முறை எங்கள் ஊரில் வரவேற்பு, உரை, பிள்ளைகளின் நடனம் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, சாப்பிட்ட கையோடு ஆயர் அடுத்த பங்குக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. முன்வரிசையில் ஒரு பாட்டி. தோட்டத்தை விற்கப்போகிறார்களாம், லயத்துப் பக்கத்தில் இருக்கும் சிற்றாலயம் என்ன ஆகும் என்று கேட்பதற்காகத் தன் பழைய ஞானஸ்நானச் சீட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பையைப் பிரிக்காமலேயே வீட்டுக்குப் போனார்.

அதனால் இந்த முறை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் பயத்தை விடுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது தன் பொறுப்பில் உள்ள மறைமாவட்டம் முழுவதையும் ஆயர் தானோ தன் பிரதிநிதி வழியாகவோ சந்திக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 396 சொல்கிறது. நம் தேவைகளை மேய்ப்பர்களிடம் சொல்ல நமக்கு உரிமை உண்டு என்று சட்டம் 212 சொல்கிறது. அவர் வருவதும் நாம் பேசுவதும் முறைப்படியான காரியம்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்பே பங்குத்தந்தையிடம் போய், மேடை இல்லாத அரை மணி நேரம் கேளுங்கள். அவரைத் தாண்டி நேரே ஆயர் இல்லத்துக்கு எழுதினால் வீண் மனக்கசப்புதான் மிஞ்சும். அதே நாளில் ஆயர் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் திருவருட்சாதனம் கொடுப்பதாக இருந்தால் சந்திப்பைப் பூசைக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், பூசை முடிந்தால் எல்லாக் குடும்பமும் போட்டோவுக்கு நிற்கும், பிறகு யாரையும் உட்காரவைக்க முடியாது.

என்ன பேசுவது? அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டங்களில் கேளுங்கள், அதோடு கூட்டத்துக்கே வராதவர்களையும், செம்பனைத் தோட்டத்திலும் பேக்டரி ஷிப்டிலும் ஞாயிறு வேலை செய்பவர்களையும், வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். இருபது குறை கொண்டுபோனால் ஒன்றும் மனதில் நிற்காது. இரண்டோ மூன்றோ போதும்: தமிழ்ப் பூசை, பிள்ளைகளுக்குத் தமிழில் மறைக்கல்வி, சிற்றாலயம். பினாங்கு காலேஜ் ஜெனரல் குருமடத்தில் படிக்கும் குருமாணவர்களைச் சில வாரம் நம் குடும்பங்களோடு தங்க அனுப்புங்கள் என்றும் கேட்கலாம். நாளைக்கு நம் மொழியில் நம் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கப்போகிறவர்கள் அவர்கள்தானே.

மொழி விஷயம்தான் எனக்கு மிகவும் முக்கியம். ஆயருக்குத் தமிழ் சரளமாக வராவிட்டால், ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடாதீர்கள். பாட்டி தமிழிலேயே பேசட்டும், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் வரிக்கு வரி மொழிபெயர்க்கட்டும், சுருக்காமல். தமிழ்ப் பூசை செபங்களில் சிலவற்றை ஆங்கில எழுத்தில் பெரிதாக அடித்து ஆயருக்கு முன்கூட்டியே அனுப்பிவையுங்கள். இன்றைய திருத்தந்தை பதினான்காம் லியோ சிகாகோவில் பிறந்தவர், 1985இல் பெரு நாட்டுக்குப் போனார், 2015 முதல் 2023 வரை அங்கே சிக்லாயோவின் ஆயராக இருந்தார். 2025 மே 8ஆம் தேதி திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வத்திக்கானில் முதன்முதலாக மாடத்தில் வந்து நின்றபோது, நடுவில் ஸ்பானிஷ் மொழிக்கு மாறித் தன் சிக்லாயோ மக்களுக்கு வாழ்த்து சொன்னார். அதைப் பார்த்து நான் அழுதேன். தாய்மொழியில் ஒருவர் நம்மைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

சிற்றாலயத்தைப் பற்றிப் பேசுவதானால் வெறும் கையோடு போகாதீர்கள். நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி நிலமா, மறைமாவட்டத்தின் நிலமா என்பதைப் பொறுத்து ஆயர் செய்யக்கூடியது மாறும். பழைய படங்கள், திருவிழா நோட்டீஸ், ஞானஸ்நானச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள்.

அப்புறம், இரண்டு வீட்டுக்காவது ஆயரைக் கூட்டிப்போங்கள், ஒன்று படுத்திருக்கும் நோயாளியின் வீடு. கூட்டமாகப் பின்னால் போக வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான்.

அவர் போன ஒரு வாரத்துக்குள் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி, பங்குத்தந்தை வழியாக அனுப்புங்கள். மூன்று மாதத்தில் பதில் இல்லையென்றால் மரியாதையோடு மறுபடி கேளுங்கள்.

எங்கள் ஊரில் பேசுகிறவர்களின் பட்டியலை எழுத ஆரம்பித்துவிட்டோம். முதல் பெயர் அந்தப் பாட்டியுடையது.